கார்டு எங்கே போகிறது

என் கடையில் தினமும் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "கார்டு போகுமாண்ணே?" ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு எஞ்சினுக்கு உதிரிபாகம் விற்கிறவன் நான். போகும் என்று சொல்லி மிஷினை எடுத்து முன்னால் வைப்பேன். மிஷின் கொஞ்சம் யோசிக்கும். சீட்டைத் துப்பினால் "போயிருச்சு" என்பேன். துப்பாவிட்டால் "போகலையே" என்பேன், வந்தவர் முகம் சுருங்கிவிடும். இத்தனை வருஷமாக இந்த இரண்டு சொல்லை வைத்தே வியாபாரம் நடந்திருக்கிறது. கார்டு அவர் கையிலேயே இருக்கும்போது எது போகிறது, எங்கே போகிறது என்று நானும் கேட்டதில்லை, எவரும் கேட்டதில்லை.

இதில் எனக்கே ஆச்சரியம் என்னவென்றால், நான் அப்படிச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளைத் தொடவே எனக்குக் கை கூசும். புது மிக்ஸி வாங்கி வந்த அன்றே அடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டினேன். அன்றிலிருந்து அது ஓடும்போது சின்னதாக ஒரு முனகல் சேர்ந்துகொண்டது. "கெட்டுப்போனதக் கழட்டுறவுகளப் பாத்திருக்கேன். ஓடுறதக் கழட்டுற ஒரே ஆளு இவுகதான்" என்று என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். எனக்கு முன்கோபம் உண்டு என்றும் சொல்வாள். அதுவும் சரிதான். அந்தக் கோபம் பெரும்பாலும் எனக்கு விளங்காத பொருள்கள் மேல் வருகிற கோபம்.

கார்டு விஷயம் என் மண்டைக்குள் புகுந்தது எங்கள் மகளால். அவள் கல்யாணமாகிக் கோலாலம்பூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை திருமயம் பக்கத்துக்காரர், அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகள் உண்டானதும், ஏழாம் மாதத்தில் ஊருக்கு வந்து வளைகாப்பு முடித்து, பிரசவத்தை அறந்தாங்கியிலேயே பார்த்துக்கொள்வது என்று பேசி வைத்திருந்தோம். அதற்குள் ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானம் ஏற வேண்டாம், ஆபரேஷன்தான் செய்ய வேண்டியிருக்கும் என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். போனில் மகள் இதைச் சொன்னபோது என் மனைவி முதலில் வயிற்றுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டாள், அப்புறம் மகளைப் பற்றிக் கேட்டாள். போனை வைத்த பிறகுதான் அழுதாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டுச் செலவு. எங்கள் பக்கத்தில் இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை. கல்யாணத்துக்குச் சீர் பேசுவார்கள், நகை பேசுவார்கள், இதை மட்டும் பேசவே மாட்டார்கள். அவ்வளவு தூரம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. என் மனைவிக்கு அது உயிர். "புள்ளயத்தான் நம்ம வீட்டுல வச்சுப் பெத்துக்க முடியல. செலவாச்சும் நம்ம வீட்டுதா இருக்கணும்ங்க. அதையும் அவுகளே பாத்துக்கிட்டா, பெத்தவன்னு நான் ஒருத்தி எதுக்கு?" என்று கேட்டாள்.

பணத்தை அனுப்பிவிடலாமே என்றேன். மகள் சிரித்தாள். "அனுப்புனா இவரு வாங்க மாட்டாருப்பா. அப்படியே திருப்பி அனுப்பிருவாரு" என்றாள். மாப்பிள்ளை தங்கமான மனிதர். அந்தத் தங்கம்தான் இப்போது இடைஞ்சலாக இருந்தது. நாம் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு கட்டிவிடுவார். என் மனைவி ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "நான் போறேன். ஆஸ்பத்திரி கவுண்டர்ல நானே நின்னு கார்டத் தேய்க்கிறேன்" என்றாள். இப்போது யாரும் கார்டைத் தேய்ப்பதில்லை, செருகுகிறார்கள், இல்லையென்றால் மேலே காட்டுகிறார்கள். ஆனாலும் எங்கள் பக்கம் அதற்குப் பெயர் தேய்ப்பதுதான்.

நான் கூடப் போக வழியில்லை. பிரசவம் மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தது. படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாட்களில்தான் கரையேற்றி எஞ்சினைப் பிரிப்பார்கள். வருஷத்தில் என் கடைக்கு அதுதான் அறுவடை. ஆகவே அவள் தனியாகப் போக வேண்டும், தனியாக நின்று கட்ட வேண்டும்.

"எதுக்கும் அங்க நம்ம கார்டு போகுமான்னு பாத்து வை" என்று மகளிடம் சொன்னேன். அவள் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினாள். அதில் வரிசையாகச் சில சின்னங்கள். என் கார்டை எடுத்து அதன் மூலையில் இருந்த சின்னத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். என்னுடையது அங்கே இல்லை. கார்டின் மூலையில் அப்படி ஒரு சின்னம் இருக்கிறது என்பதையே அன்றுதான் கவனித்தேன். வங்கியின் பெயர் பெரிதாக அச்சடித்திருந்ததால், எல்லாம் வங்கியின் வேலை என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சின்னம் என் கார்டுக்கு எப்படி வந்தது என்பது ஒரு தனிக் கூத்து. கார்டு வாங்க அறந்தாங்கிக்குப் போன அன்று மனைவியும் கூட வந்திருந்தாள். வங்கியில் கார்டு வேலை பார்க்கிற பெண் அதிகாரி, "எந்த நெட்வொர்க்ல வேணும் சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மனைவி சொன்னாள்: "எங்க ஊருல ஒரே ஒரு கம்பெனிதான் மேடம் ஒழுங்கா எடுக்கும். மத்ததுக்கெல்லாம் மாடிக்கு ஏறணும். கட்டுமாவடிக்கு அங்கிட்டுப் போயிட்டா அதுவும் கெடையாது. வீட்டுக்குள்ள எது எடுக்குமோ அதையே போட்டுருங்க." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டவரைப் பற்றி வங்கி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப நம்ம ஊருல எங்கயும் எடுக்கிறதாவே தாரேன்" என்று சொல்லி, நம் நாட்டு நெட்வொர்க்கில் ஒரு கார்டைக் கொடுத்துவிட்டார்.

அது நல்ல கார்டு. செல்போனோடு சேர்த்துவிட்டால் டீக்கடையில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தும் அந்தக் கார்டிலிருந்து கட்டலாம். ஐஸ் கம்பெனியிலும் கட்டலாம், காய்கறிக்காரம்மாவிடமும் கட்டலாம். மற்ற நெட்வொர்க் கார்டுகளுக்கு இப்போதைக்கு அந்த வசதி இல்லை. தப்பான காரணத்துக்குச் சரியான கார்டை வாங்கி நிம்மதியாக இருந்தோம். கோலாலம்பூர் ஸ்டிக்கர் வந்து அந்த நிம்மதியைக் கெடுத்தது.

மறுபடி அறந்தாங்கிக்குப் போனோம். அதே அதிகாரிதான். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார் என்பது அவர் உதட்டைக் கடித்ததில் தெரிந்தது. "நெட்வொர்க்க மாத்தணும் மேடம்" என்றேன். "சிம்மை மாத்துற மாதிரி நம்பர் மாறாம மாத்திக்கலாம்ல?" என்றும் கேட்டேன். நம்பர் மாறினால் காஸ், கரண்டு, போன் என்று மாதாமாதம் தானாகப் போகும்படி அதில் பூட்டி வைத்த எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்ட வேண்டுமே என்பது என் கவலை.

"அது சிம்முக்குத்தான் சார்" என்றார். "இதுல நம்பரோட மொத எழுத்தே நெட்வொர்க்குதான். அது மாறுனா நம்பரும் மாறத்தான் செய்யும்." புதிதாகக் கார்டு வாங்கும்போதும், காலாவதியாகிப் புதுப்பிக்கும்போதும் இன்ன நெட்வொர்க் என்று நாமே கேட்டு வாங்கலாமாம். நடுவில் மாற்ற வேண்டுமென்றால் பழையதை மூடிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டுமாம். அவர் சொன்ன மற்றதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. நம்பரின் முதல் எழுத்து என்ற ஒன்று மட்டும் காதுக்குள் நின்று குடைந்தது.

பஸ்ஸிலேயே பர்ஸைத் திறந்துவிட்டேன். என் கிரெடிட் கார்டு ஆறில் தொடங்கியது. கடைக் கணக்கின் பழைய ஏடிஎம் கார்டு நாலில் தொடங்கியது. மனைவி மளிகைச் செலவுக்கு வைத்திருந்த ஏடிஎம் கார்டை வாங்கிப் பார்த்தேன், ஐந்து. மூன்றுக்கும் மூலையில் வேறு வேறு சின்னம். ஊர் வந்து சேருவதற்குள் எனக்குப் பெரிய புதையல் கிடைத்தது போல இருந்தது. பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்டிருப்பேன், மனைவி முழங்கையால் இடித்தாள். "முன்ன பின்ன தெரியாதவுககிட்ட கார்டு நம்பரக் கேட்டா போலீசுக்குச் சொல்லிருவாக" என்றாள்.

அதன்பிறகு கடையில் யாராவது கார்டை நீட்டினால் என் கண் முதல் எண்ணுக்கு மட்டும் போகும். மற்ற எண்களைக் கையால் மறைத்துக்கொண்டே பார்ப்பேன், அந்த மரியாதை தெரியும். வீட்டிலும் அந்த நெட்வொர்க்குகளுக்கு அதுவே பெயராகிவிட்டது. பஸ் நம்பர் மாதிரி நாலு, அஞ்சு, ஆறு என்றுதான் பேசிக்கொண்டோம். "ஆறு அங்க போகாது. நாலு போகும், அஞ்சும் போகும்" என்று மனைவி மகளிடம் போனில் சொல்வதைக் கேட்டால் யாராக இருந்தாலும் பஸ் ஸ்டாண்டு விசாரணை என்றுதான் நினைப்பார்கள்.

கார்டு எங்கே போகிறது என்பதையும் ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். போனில் வீடியோக்களாகப் பார்த்து, மிஷின் கொடுத்த கம்பெனியின் ஆளை நச்சரித்துத் தெரிந்துகொண்டது. ஒருநாள் பிஸ்டன் ரிங் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன்மேல் மனைவிக்கு வரைந்து காட்டினேன். நாம் கார்டைக் காட்டியதும் மிஷின் முதலில் கடைக்காரனின் வங்கிக்குச் சொல்கிறது. அந்த வங்கிக்கு நம்மைத் தெரியாது. அது நெட்வொர்க்கிடம் கேட்கிறது. நெட்வொர்க்குக்கு நம்பரைப் பார்த்ததும் எந்த வங்கியின் கார்டு என்று தெரியும். நேரே நம் வங்கியிடம் போய், இந்த ஆளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கும். கொடு என்று நம் வங்கி சொன்னால் அந்தப் பதில் வந்த வழியே திரும்பி மிஷினுக்கு வரும். கார்டு கொடுக்கிறது வங்கி, கேள்வியையும் பதிலையும் சுமந்து ஓடுகிறது நெட்வொர்க். மீன் ஒருவருடையது, ஏற்றிப்போகிற லாரி இன்னொருவருடையது, அவ்வளவுதான். லாரி போகாத ஊரில் மீன் விற்காது.

மனைவி அட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இம்புட்டும் அந்த ரெண்டு செகண்டுலயா நடக்குது?" என்றாள். ஆமாம் என்றேன். "கடல் தாண்டிப் போயி, இவளுக்குக் குடுக்கலாமான்னு நம்ம அறந்தாங்கியில வந்து கேக்குமா?" அறந்தாங்கி வரைக்கும் வராது, தலைமை அலுவலகக் கம்ப்யூட்டரோடு சரி என்றேன். அவளுக்கு அந்தத் திருத்தம் பிடிக்கவில்லை. அறந்தாங்கியில் அந்த மேடத்திடமே வந்து கேட்பதாக வைத்துக்கொண்டாள்.

என் கார்டை மூடிவிட்டுப் புதிதாக எடுப்பதென்று நான் தயாரானபோது அவள்தான் தடுத்தாள். "ஒங்க கார்டு ஒங்களோட இருக்கட்டும். நீங்க இங்க ஸ்கேன் பண்ணிக்கிட்டு இருங்க. எனக்குத் தனியா எடுக்கணும்" என்றாள். அவள் அப்பா வீட்டுத் தென்னந்தோப்பில் அவள் பங்குக்கு வந்த பணம் அதே வங்கியில் அவள் பெயரில் டெபாசிட்டாக இருந்தது. டெபாசிட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு அதன்மேல் கார்டு கொடுப்பார்கள் என்பதை அந்த அதிகாரியிடம் அவளே விசாரித்து வைத்திருந்தாள், எனக்குத் தெரியாமல். "ஒங்க கார்டத் தேய்ச்சா அது ஒங்க காசு. தாய் வீட்டுச் செலவு தாய் கையாலதான் போகணும்" என்றாள். பங்குப் பணத்தை அவள் இத்தனை வருஷம் ஏன் தொடாமல் வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த கேள்வி நாலா, அஞ்சா என்பது. இதில் நான் செய்த ஆராய்ச்சியை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஸ்டிக்கரில் இரண்டும் இருந்தன. ஆனாலும் எது சிறந்தது என்று தெரியாமல் எப்படி எடுப்பது? ஒருவர் நாலு என்றார், இன்னொருவர் அஞ்சு என்றார், காரணம் கேட்டால் இருவரும் தங்களிடம் அதுதான் இருக்கிறது என்றார்கள். மஸ்கட்டில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, இப்போது கோட்டைப்பட்டினத்தில் படகு வைத்திருக்கிற பாய் ஒருவர் என் வாடிக்கையாளர். அவரையும் விடவில்லை. அவர் கூலண்ட் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டும் நான் போன எடமெல்லாம் போச்சுண்ணே. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. நீங்க என்ன, மாப்பிள்ளை பாக்கிற மாதிரில்ல விசாரிக்கிறீங்க?"

என் மனைவி அதற்குமேல் பொறுக்கவில்லை. வங்கியில் அதிகாரி, "இந்தத் தடவ எந்த நெட்வொர்க்கும்மா?" என்று கேட்டபோது நான் தொண்டையைச் செருமினேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, "நாலு போடுங்க மேடம்" என்றாள். ஏன் நாலு என்று வெளியே வந்து கேட்டேன். "அந்த ஸ்டிக்கர்ல மொதல்ல இருந்துச்சு" என்றாள். என் இத்தனை நாள் விசாரணைக்கு அது ஒரு பதிலா என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அதைவிட நல்ல காரணம் என்னிடமும் இல்லை.

கார்டு தபாலில் வந்தது. அதில் அவள் பெயர் ஆங்கிலத்தில் புடைப்பாக இருந்தது. விரலால் அதைத் தடவிப் பார்த்தாள். நான் சும்மா இருப்பேனா? கடைக்கு அழைத்துப் போய் என் மிஷினிலேயே போட்டுப் பார்த்தேன். அவள் ரகசிய எண்ணை அழுத்தினாள், மிஷின் யோசித்தது, சீட்டு வந்தது. என் மனைவி என் கடையில் வாங்கிய முதல் பொருள் ஒரு டீசல் ஃபில்டர். "போயிருச்சு" என்றேன். இனி உலகத்தில் எங்கே போனாலும் போகும் என்று அவளுக்கு அட்டைப்பெட்டிப் படத்தை இன்னொரு முறை விளக்கினேன். அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

திருச்சியில் அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். கைப்பைக்குள் கார்டு, பருப்புப்பொடி, பிள்ளைக்குப் பழந்துணி. மாப்பிள்ளை முந்திக்கொள்வாரே என்ற பயம் மட்டும் அவளுக்குக் கடைசிவரை தீரவில்லை. "அவரு நல்ல மனசுல செய்வாரு. நான் வேண்டாம்னு எப்படிச் சொல்றது? பத்துப் பேருக்கு முன்னால கையப் பிடிச்சு இழுக்கவா முடியும்?" என்று உள்ளே போகும்போதுகூடக் கேட்டாள்.

ஆபரேஷன் அன்று காலை நான் விடிந்ததும் கடையைத் திறந்துவிட்டேன். தடைக்காலத்தில் அப்படித்தான். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. நான் ஷட்டரைத் தூக்கிய சற்று நேரத்தில் போன் வந்தது.

"ஏங்க, கார்டு போகல" என்றாள் மனைவி.

அந்தச் சொல்லை எத்தனையோ பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். மகளைப் பரிசோதனைக்கு மாடிக்கு அழைத்துப் போய்விட்டார்கள், கீழே இவளும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள், முன்பணம் கட்டினால்தான் ரூம் கொடுப்பார்கள். "இன்னொருக்கா போடச் சொல்லு" என்றேன். போட்டாகிவிட்டது. "ரகசிய நம்பரத் தப்பா அழுத்தினியா?" இல்லை. "ஸ்டிக்கர் இருக்கா பாரு." இருக்கிறது, அதே வரிசை, அதே சின்னம். எனக்குக் காரணம் ஒன்றும் ஓடவில்லை. லாரி இருக்கிறது, ரோடு இருக்கிறது, மீனும் இருக்கிறது. பிறகு எது போகவில்லை?

அறந்தாங்கி வங்கியில் அப்போது யாரும் இருக்க மாட்டார்கள். இருபத்துநாலு மணி நேர உதவி எண்ணைக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து என்றது. அழுத்தினேன். நாதஸ்வரம் வாசித்தது. நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டே, மாப்பிள்ளை இந்நேரம் கட்டியிருப்பார் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போய், பத்துப் பேர் பார்க்க, போகாத கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்பது என் கண் முன்னால் வந்தது. என்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். உதவி எண்ணில் கடைசியாக ஒரு ஆள் வணக்கம் சொன்னபோது நான் அவரைத் திட்டிவிடுவேன் என்று பயந்து வைத்துவிட்டேன்.

வைத்ததுமே மனைவி கூப்பிட்டாள். "போயிருச்சுங்க" என்றாள்.

எப்படி என்று கேட்டேன். ஆஸ்பத்திரி வைஃபையைப் பிடித்து, வங்கியின் செயலியைத் திறந்து, கார்டுப் பக்கத்தில் இருந்த ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். வெளிநாட்டில் பயன்படுத்த என்று ஒரு பட்டன் இருந்திருக்கிறது. அணைந்து கிடந்திருக்கிறது. புதுக் கார்டெல்லாம் அப்படித்தான் வருமாம், பாதுகாப்புக்காக. நாமாகப் போட்டால்தான் கடல் தாண்டும். நான் என் கடை மிஷினில் எத்தனை ஃபில்டர் வாங்கிச் சோதித்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. இரண்டு மாதமாக ரோட்டை ஆராய்ந்த நான் வாசல் கதவைப் பார்க்கவில்லை. அதை அவள் குத்திக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்பறமாப் பேசுறேன், மேல போகணும்" என்று வைத்துவிட்டாள்.

மதியத்துக்குமேல் மறுபடி பேசினாள். பேத்தி பிறந்திருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். யாரைப்போல இருக்கிறாள் என்று கேட்டேன், இன்னும் யாரைப்போலவும் இல்லை என்றாள். அதன்பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"காலையில ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லலைங்க" என்றாள். "கார்டு போகலைன்னதும் கவுண்டர்ல இருந்த பிள்ள நேரா மாப்பிள்ளையப் பாத்து, சார் நீங்க கட்டிடுறீங்களான்னு கேட்டுச்சு. எனக்கு உசுரே போச்சு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? அத்தை கார்டு போகும், நாங்க காத்திருக்கோம்னு சொல்லிட்டு, பின்னால நின்னவகளையெல்லாம் முன்ன போகச் சொல்லிட்டாரு. நான் போனை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறேன், அந்தப் பிள்ள மறுபடியும் கேக்குது. அவரு கையப் பின்னால கட்டிக்கிட்டு, அந்தச் செவத்துல இருந்த படத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அவ்வளவு நேரமும் பாக்கெட்டுல கை வைக்கலீங்க. கடைசி வரைக்கும் வைக்கல."

"மகள் சொல்லி வச்சிருப்பாளோ?" என்றேன்.

"கேட்டுட்டேன். அவ ஒண்ணும் சொல்லலையாம். அவளுக்கே தெரியலைங்க" என்றாள்.

இன்ஜெக்டர் நாசில் வாங்க வந்த படகுக்காரர் ஒருவர் அப்போது எதிரே நின்றுகொண்டிருந்தார். போனை வைத்ததும் என்ன விஷயம் என்று கேட்டார். பேத்தி பிறந்திருக்கிறாள், ஆஸ்பத்திரியில் எல்லாம் என் மனைவிதான் கட்டியிருக்கிறாள் என்றேன். அதோடு நிறுத்த மனம் வரவில்லை. "எங்க மாப்பிள்ளை கூடவே நின்னுருக்காரு. பாக்கெட்டுல கையே வைக்கலையாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நாசிலைக் கல்லா மேல் வைத்துவிட்டு என் தோளில் கை போட்டார். "விடுங்கண்ணே, இந்தக் காலத்துப் பயலுக அப்படித்தான் இருக்கானுக. பேத்தி நல்லா இருக்காள்ல, அது போதும்" என்றார். எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. அதையும் அவர் வேறு மாதிரிதான் எடுத்துக்கொண்டார்.